காலிக் கூடு ஏன் சிக்கியது: வியட்நாமில் எம்-16

1967 ஏப்ரல் கடைசி. வியட்நாமின் கே சான் தளத்துக்கு அருகே, உயரத்தை வைத்தே 861, 881 என்று பெயரிடப்பட்ட குன்றுகளில், அமெரிக்க மரைன் படைக்கும் வட வியட்நாம் படைக்கும் கடும் சண்டை. மரைன்களின் கையில் எம்-16 துப்பாக்கி வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அதுவரை அவர்கள் எம்-14 வைத்திருந்தார்கள். சண்டையில் இருந்த ஒரு மரைன் வீட்டுக்கு எழுதிய கடிதம் நியூ ஜெர்சியில் செய்தித்தாளுக்குப் போய், அங்கிருந்து ஜேம்ஸ் ஹோவர்டு என்ற உறுப்பினர் வழியாக அமெரிக்க நாடாளுமன்றம் வரை போனது. செத்துக் கிடந்தவர்கள் பலரின் பக்கத்தில் துப்பாக்கி பாதி பிரித்த நிலையில் கிடந்தது, சிக்கியதை எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தபோதே சுடப்பட்டார்கள் என்பதுதான் கடிதத்தின் சாரம்.

சிக்கியது என்றால் என்ன சிக்கியது? இந்தக் கேள்வியில்தான் ஆய்வு தொடங்க வேண்டும். 'துப்பாக்கி ஜாம் ஆயிடுச்சு' என்று சொல்வது, 'வண்டி நின்னுடுச்சு' என்று மெக்கானிக்கிடம் சொல்வதைப் போலத்தான். எந்த இடத்தில் நின்றது என்று தெரியாமல் எதைத் திறந்தும் பயனில்லை. வியட்நாம் புகார்களில் பல வகை இருந்தன: அடுத்த தோட்டா ஏறவில்லை, விசையை அழுத்தியும் வெடிக்கவில்லை, தோட்டாப் பெட்டியான மேகசின் காலியானபின், குழலின் பின்வாயை மூடும் போல்ட் பின்னால் நிற்கவில்லை. ஆனால் ஆளைக் கொன்ற வகை ஒன்றுதான். சுட்டபின் தோட்டாவின் பித்தளைக் கூடு, அது உட்காரும் அறையான சேம்பருக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். கூட்டைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி அதன் விளிம்பை விட்டு நழுவும், இல்லாவிட்டால் விளிம்பையே பிய்த்துக்கொண்டு வரும். போல்ட்டைக் கையால் எத்தனை தடவை இழுத்தாலும் கூடு வராது. குழலின் முன்வாய் வழியாகத் துப்புரவுக் கம்பியை விட்டுக் குத்தித்தான் வெளியே தள்ள வேண்டும். அதற்காகவே சிலர் கம்பியைத் துண்டுகள் மாட்டித் தயாராகத் துப்பாக்கியின் பக்கவாட்டில் டேப் போட்டு ஒட்டி வைத்திருந்தார்கள். 1960-களின் நவீனத் துப்பாக்கியை, பழங்காலத்து முன்வாய்த் துப்பாக்கி போலக் கம்பியை விட்டு இயக்கிக்கொண்டிருந்தார்கள்.

எம்-16-இல் தொடர்ச்சியாகச் சுடும் வசதியும் உண்டு. ஆனால் செமி ஆட்டோமேட்டிக்காக ஒவ்வொன்றாகச் சுட்டாலும் உள்ளே நடக்கும் சுழற்சி அதே சுழற்சிதான். அதை ஒரு தடவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் கோளாறு எங்கே பிறந்தது என்பது பிடிபடும்.

யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த இந்தத் துப்பாக்கியின் குழல் 20 அங்குலம். குண்டு அதில் பாதிக்கு மேல் கடந்ததும், மேல்பக்கம் இருக்கும் சிறு துளை வழியாக வாயுவில் ஒரு பங்கு கிளம்பி, ஒல்லியான எஃகுக் குழாயில் பின்னோக்கி ஓடிவருகிறது. தனியாக பிஸ்டன் தண்டு கிடையாது. வாயு நேரே, போல்ட்டைச் சுமந்து ஓடும் போல்ட் கேரியருக்குள் நுழைந்து, போல்ட்டின் வாலுக்கும் கேரியருக்கும் நடுவே உள்ள இடத்தில் விரிகிறது. போல்ட்டின் மேல் இருக்கும் மூன்று மெல்லிய வளையங்கள் கசிவைத் தடுக்கின்றன. கேரியர் பின்னால் நகரத் தொடங்கும். உடனே போல்ட் திரும்பிவிடாது. கொஞ்ச தூரம் கேரியர் சும்மா ஓடியபின்தான் கேம் பின் என்ற சிறு முளை போல்ட்டைத் திருப்பிப் பூட்டை விடுவிக்கும். அப்புறம் கூடு இழுபடும், வெளியே எறியப்படும், சுத்தியல் போல அடிக்கும் ஹேமர் மடங்கும், பின்னால் வேகத்தைத் தாங்கும் பஃபரும் ஸ்பிரிங்கும் அமுங்கும், திரும்பி வரும் வழியில் போல்ட் அடுத்த தோட்டாவை மேகசினிலிருந்து தள்ளிக்கொண்டு போய்ப் பூட்டும்.

அந்தச் சும்மா ஓடும் தூரம்தான் உயிர்நாடி. வெடித்த கணத்தில் பித்தளைக் கூடு உப்பி சேம்பர் சுவரோடு இறுகிக்கொள்கிறது. வாயு பின்பக்கம் கசியாமல் இருப்பதே இதனால்தான். குண்டு வெளியேறி அழுத்தம் விழுந்ததும் பித்தளை மயிரிழை அளவு சுருங்கிச் சுவரை விடுகிறது. போல்ட் அதற்கப்புறம் இழுத்தால் கூடு வழுக்கிக்கொண்டு வரும். கொஞ்சம் முன்கூட்டியே இழுத்தால் இறுகிய கூட்டோடு மல்லுக்கட்ட வேண்டும். நடுவே இருப்பது கண் இமைப்பதில் சிறு துணுக்கு நேரம். முழுத் துப்பாக்கியும் அந்தத் துணுக்கை நம்பித்தான் வேலை செய்கிறது.

இனி, எந்தச் சுழற்சிக் கோளாற்றிலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: முன்பு ஓடியதா? ஓடியது என்றால் நடுவில் என்ன மாறியது?

முன்பு ஓடியது. 1962-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான ஆர்பா, ஏஜைல் என்ற திட்டத்தின் கீழ், பின்னாளில் எம்-16 ஆன ஏஆர்-15 துப்பாக்கிகளைத் தென் வியட்நாம் படையிடம் கொடுத்துப் பார்த்தது. அறிக்கை புகழ்ந்து தள்ளியது. அதே நாடு, அதே ஈரம், அதே சேறு. ஐந்தே வருடத்தில் அதே குடும்பத்துத் துப்பாக்கி கம்பியால் குத்த வேண்டிய நிலைக்கு வந்தது என்றால், காட்டின் மேல் பழி போட முடியாது.

மாறியது வெடிமருந்து. ஸ்டோனர் துப்பாக்கியைச் சரிசெய்துகொண்டது டுபான்ட் நிறுவனத்தின் ஐஎம்ஆர் 4475 மருந்தோடு. குட்டிக் குச்சிகளாக வெட்டிய குருணை அது. ராணுவம் தோட்டாவுக்கு வைத்த விதி: 55 கிரெய்ன் எடையுள்ள, அதாவது 3.6 கிராம் சுமாரான குண்டு, நொடிக்கு 3,250 அடி வேகத்தில் போக வேண்டும், சேம்பர் அழுத்தம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டக் கூடாது. பெரிய அளவில் தயாரிக்கும்போது ஐஎம்ஆர் மருந்தால் இந்த இரண்டையும் சேர்த்துத் தொடர்ந்து எட்ட முடியவில்லை. 1964-இல் ஒலின் நிறுவனத்தின் டபிள்யூசி 846 அனுமதிக்கப்பட்டது. இது உருண்டைக் குருணை மருந்து, 7.62 மி.மீ. தோட்டாவில் ஏற்கெனவே பழக்கப்பட்டது, தயாரிக்கச் சுலபம். வேகம் வந்தது, உச்ச அழுத்தமும் வரம்புக்குள் நின்றது. தோட்டாவை மட்டும் எடுத்துப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை, தோட்டாவும் துப்பாக்கியும் சேரும் இடத்தில் இருந்தது. உருண்டை மருந்து எரியும் விதம் வேறு. உச்ச அழுத்தம் கூடாவிட்டாலும், குண்டு வாயுத் துளையைக் கடக்கும் கட்டத்தில் மிஞ்சியிருக்கும் அழுத்தம் கூடுதல். குழாய்க்குள் தள்ளும் வாயு அதிகம், கேரியருக்குக் கிடைக்கும் உதையும் அதிகம். தொடர்ச்சியாகச் சுடும்போது நிமிடத்துக்கு 750 முதல் 800 தோட்டா வரை ஓடிய துப்பாக்கி 1,000-ஐ நோக்கி ஓடத் தொடங்கியது. விதிப்படி மேல் வரம்பு 850. ஒவ்வொன்றாகச் சுடுகிறவருக்கு இந்த எண் ஒரு பொருட்டில்லை என்று தோன்றும். அப்படியில்லை. வேகம் கூடியது என்றால் பூட்டு முன்கூட்டித் திறக்கிறது என்று பொருள். கூடு சுவரை விடும் முன்பே கொக்கி இழுக்கிறது.

இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. உருண்டை மருந்தில் அமிலத்தைச் சமன்படுத்தக் கால்சியம் கார்பனேட் கலப்பார்கள். அது வாயுக் குழாயின் உட்சுவரில் படிந்தது. கேரியருக்குள்ளும் கரி அதிகம் சேர்ந்தது. இப்போது கையில் இருப்பது இரட்டை நோய். துப்பாக்கி புதிதாகவும் சுத்தமாகவும் இருக்கும்போது அளவுக்கு மீறிய வேகம். அழுக்கு ஏற ஏற மந்தம். ஒரே துப்பாக்கி ஒரே நாளில் இரண்டு எதிர்ப்பக்கத்துக் கோளாறுகளையும் காட்டும். விசாரித்தவர்கள் நெடுநாள் குழம்பியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

காரணம், வேகம் மிஞ்சினாலும் வேகம் குறைந்தாலும் மேலுக்குத் தெரியும் அறிகுறி பல சமயம் ஒன்றாகவே இருக்கும். போல்ட் அடுத்த தோட்டாவை எடுக்காமல் காலி சேம்பரின் மேல் மூடிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாயு போதாமல் போல்ட் தோட்டாவின் பின்பக்கம் வரை போகாமலே திரும்பியிருக்கலாம். அல்லது போல்ட் அவசரமாகப் போய்த் திரும்பிவிட, மேகசின் ஸ்பிரிங் அதற்குள் தோட்டாவை மேலே தூக்காமல் இருந்திருக்கலாம். முதல் நிலையில் பஃபரைக் கனமாக்கினால் நிலைமை மோசமாகும். இரண்டாம் நிலையில் அதுதான் வைத்தியம்.

பிரித்தறிய ஒரு பழைய முறை: மேகசினில் ஒரே தோட்டா போட்டுச் சுட்டுப் பார்ப்பது. போல்ட் பின்னால் போய் நின்றால், குறைந்தபட்சம் முழுத் தூரம் போகிறது என்று அறியலாம். நிற்காவிட்டால் வாயு குறைவு என்று உடனே முடிவு கட்டக் கூடாது. மிதமிஞ்சிய வேகத்தில் ஓடும் போல்ட், தன்னைப் பின்னால் நிறுத்தும் தடுப்பு எழும்பும் முன்பே அதைத் தாண்டிப் போய்விடும். அதனால் காலிக் கூடு எந்தத் திசையில் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஏஆர்-15 வகையில் கூடு வலப்புறம் நன்றாக முன்னோக்கிப் பறந்தால் வேகம் கூடுதல் என்றும், பின்பக்கம் சோர்ந்து விழுந்தால் குறைவு என்றும் ஒரு கணக்கு உண்டு. இது தோராயம்தான். கூட்டை வெளியே எறியும் எஜெக்டரின் ஸ்பிரிங் தளர்ந்தாலே திசை மாறிவிடும்.

எல்லாவற்றையும்விட நம்பகமான சாட்சி கூடுதான். விளிம்பைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். கொக்கி கடித்த இடம் மடங்கியோ, பிறை வடிவில் பிய்ந்தோ இருந்தால் கொக்கி தன் வேலையைச் செய்திருக்கிறது, கூடுதான் விடவில்லை. பூட்டு முன்கூட்டித் திறக்கிறது, அல்லது சேம்பர் கரடு. விளிம்பு அப்பழுக்கில்லாமல் இருந்து கூடு உள்ளேயே நின்றுவிட்டால் குற்றவாளி கொக்கி: ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது கொக்கிக்கு அடியில் கரி அடைத்துப் பிடிமானம் குறைந்திருக்கும். அடுத்து கூட்டின் உடல். நீளவாக்கில் கீறல் இருந்தால் சேம்பருக்குள் மணலோ வெட்டுத் தடமோ இருக்கிறது. புள்ளி புள்ளியாக மேடு தட்டியிருந்தால் சேம்பர் சுவரில் துருக்குழிகள். வெடிக்கும்போது பித்தளை அந்தக் குழிகளுக்குள் பிதுங்கிக்கொள்கிறது.

வியட்நாமில் இந்தக் கடைசி வகை ஏராளம். அங்கே போன துப்பாக்கிகளின் சேம்பருக்குக் குரோமியப் பூச்சு இல்லை. பூச்சு தெரியாத தொழில்நுட்பமில்லை. எம்-14-இன் குழலுக்கு அது இருந்தது. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் சண்டையிட்ட ஜப்பானியரின் டைப் 99 துப்பாக்கிக் குழலுக்கும் இருந்தது. வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் வெறும் எஃகு சேம்பர் எத்தனை நாள் வழவழப்பாக இருக்கும் என்பதைக் கணக்கிட ஆராய்ச்சி தேவையில்லை. இதற்கு மேல், இந்தத் துப்பாக்கியைச் சுத்தம் செய்யவே தேவையில்லை என்பது போன்ற பேச்சு பரவியிருந்தது. துப்புரவுச் சாமான்கள் போதுமான அளவு போகவில்லை, சேம்பருக்கான பிரஷ் பலர் கண்ணில் படவேயில்லை. கூட்டின் பித்தளை சில தொகுதிகளில் மென்மையாக இருந்ததும் ஒட்டுதலைக் கூட்டியது.

ஆகவே 'வீரர்கள் சுத்தம் செய்யவில்லை' என்று அதிகாரிகள் சொன்னதில் பொய் இல்லை. களத்துக்குப் போய்ப் பார்த்த பொறியாளர்கள் படுமோசமான நிலையில் துப்பாக்கிகளைக் கண்டார்கள். ஆனால் அது பாதிப் பதில். அழுக்கு மட்டும் காரணமானால் சுழற்சி சோர வேண்டும். விளிம்பு பிய்ந்து வரக் கூடாது. பிய்ந்த விளிம்பு, அங்கே ஏதோ பலமாக இழுத்தது என்று சொல்கிறது. சோர்ந்த இயந்திரம் அப்படி இழுக்காது.

ஒரு கிளைக்கதை. தரைப்படை தன் பதிப்பில் போல்ட்டைக் கையால் முன்னே தள்ளி மூடும் பொத்தான் ஒன்றைக் கேட்டு வாங்கியது. விமானப்படை அது வேண்டாம் என்றது, ஸ்டோனருக்கும் அதில் உடன்பாடில்லை. அந்தப் பொத்தான் தீர்ப்பது மூடாத போல்ட்டை. களத்தில் வந்த பிரச்சினையோ வெளியே வராத கூடு. பாகம் சேர்த்த கை பாராட்டத்தக்கதுதான், ஆனால் நோய் வேறு வாசலில் நின்றது.

வெடிக்காத தோட்டா என்ற புகாரையும் சொல்லிவிடுகிறேன். வேகமாக முன்னே வந்த கேரியர் மோதித் துள்ளிச் சற்றுப் பின்வாங்கும். தொடர்ச்சியாகச் சுடும்போது ஹேமர் அதே நேரத்தில் விழுவதால், தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஃபயரிங் பின்னுக்கு முழு அடி கிடைக்காது. செமி ஆட்டோமேட்டிக்காகச் சுடும்போது இது நடக்காது. விரல் விசையை விட்டு மறுபடி அழுத்துவதற்குள் துள்ளல் அடங்கிவிடும். அதனால் ஒவ்வொன்றாகச் சுடும்போது மெல்லிய அடி விழுந்தால் வேறு இடத்தில் தேட வேண்டும்: ஹேமர் ஸ்பிரிங், ஃபயரிங் பின் ஓடும் துளையில் அழுக்கு, முழுதாக மூடாத போல்ட்.

இப்போது ஆய்வின் கசப்பான பகுதி. புதிய மருந்தோடு வேக வரம்புக்குள் துப்பாக்கியை நிறுத்த முடியவில்லை என்பது தயாரிப்பாளரான கோல்ட் நிறுவனத்துக்கு முன்பே தெரியும். ராணுவத்திடம் சொல்லவும் செய்தது. கிடைத்த தீர்வு: தொழிற்சாலையில் நடக்கும் ஏற்புச் சோதனையை வேறு மருந்துத் தோட்டாவைக் கொண்டு நடத்திக்கொள்ளலாம். சோதனையில் துப்பாக்கி தேறியது. களத்துக்குப் போன தோட்டாவில் பெரும்பகுதியோ உருண்டை மருந்து. 1967 மே மாதம் அமைக்கப்பட்ட, ரிச்சர்டு ஐகார்டு தலைமையிலான நாடாளுமன்றத் துணைக்குழு அக்டோபரில் அறிக்கை தந்தபோது இதைக் கடுமையாகச் சாடியது. கோளாறுகளுக்கு முக்கியக் காரணம் உருண்டை மருந்துக்கு மாறியதே என்றும், அந்த மாற்றத்துக்கு முன் போதிய சோதனை நடக்கவில்லை என்றும் சொன்னது.

திருத்தங்கள் குழு கூடும் முன்பே தொடங்கியிருந்தன. 1966 கடைசியிலிருந்து புதிய பஃபர் வந்தது. பழையதைவிடக் கனம், உள்ளே நகரும் எடைத்துண்டுகள். கேரியர் பின்னால் ஓடும்போது அந்தக் கூடுதல் எடை வேகத்தைக் குறைத்தது. முன்னே வந்து மோதும்போது உள்ளே இருக்கும் துண்டுகள் கொஞ்சம் தாமதித்து வந்து இடித்துத் துள்ளலை அடக்கின. 1967-இல் சேம்பருக்குக் குரோமியப் பூச்சு, பின்னாளில் முழுக் குழலுக்கும். கால்சியம் கார்பனேட் அளவு குறைக்கப்பட்டது. பித்தளையின் கடினத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. துப்புரவுச் சாமான் போய்ச் சேர்ந்தது, கூடவே படக்கதை வடிவில் ஒரு பராமரிப்புக் கையேடும். புகார் படிப்படியாக அடங்கியது.

இந்தப் பட்டியலில் ஒன்று இல்லை: உருண்டை மருந்தை விலக்குவது. அது நிற்கவே இல்லை. குழு விரல் நீட்டிய மருந்தை விட்டுவிட்டு, அதைத் தாங்கும்படி துப்பாக்கியைத்தான் மாற்றினார்கள். பஃபர் பூட்டு திறக்கும் நேரத்தைத் தள்ளிப்போட்டது, குரோமியம் கூட்டின் பிடியைத் தளர்த்தியது. இரண்டில் எது பெரிது என்று கேட்டால் நான் குரோமியத்தின் பக்கம். முன்கூட்டி இழுத்தாலும் வழவழப்பான சுவர் கூட்டை விட்டுவிடும். குழிவிழுந்த சுவர் எவ்வளவு தாமதமாக இழுத்தாலும் பிடித்துக்கொள்ளும்.

இன்றைக்கு ஏஆர்-15 வகை செமி ஆட்டோமேட்டிக்கில் கூடு சிக்கினால், பலர் முதலில் ஓடுவது கனமான பஃபரிடம். மாற்றச் சுலபம் என்பதால் அந்த ஆசை. துப்பாக்கி காலி என்று சேம்பருக்குள் கண்ணால் பார்த்து உறுதி செய்தபின் வேறு வரிசையில் போவதே நல்லது. வேறு மேகசின், வேறு தொழிற்சாலைத் தோட்டா. பாதிக் கோளாறுகள் இங்கேயே கழன்றுவிடும். அப்புறம் சேம்பர் பிரஷ், கொக்கிக்கு அடியில் சுத்தம், கொக்கியின் ஸ்பிரிங். குட்டைக் குழல் கார்பைன்களில் வாயுத் துளை சேம்பருக்குப் பக்கத்தில் இருப்பதால் பூட்டு இன்னும் சீக்கிரம் திறக்கும். அவற்றுக்கு வலுவான கொக்கி ஸ்பிரிங் வந்தது இதனால்தான்.

வாயு கசிகிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். கேரியரின் மேல் வாயுக் குழாயை ஏற்கும் சிறு பாகம் இரண்டு திருகால் நிற்கிறது. திருகு தளர்ந்தால் சுற்றிலும் கரிப்புகை படிந்த தடம் தெரியும். வளையங்களுக்கு ஒரு சோதனை: போல்ட்டை முன்னே இழுத்து வைத்து, அதன் முகத்தின் மேல் கேரியரை நேராக நிறுத்த வேண்டும். தன் எடையில் கேரியர் சரிந்து இறங்கினால் வளையம் தேய்ந்துவிட்டது. மூன்று வளையங்களின் வெட்டு வாய்களும் ஒரே நேர்க்கோட்டில் வந்துவிடக் கூடாது என்று சிலர் ஒவ்வொரு முறையும் திருப்பி வைப்பார்கள். வைத்தால் தப்பில்லை, சுடும்போது அவை தாமே சுற்றி எங்கேயோ நிற்கும். இவ்வளவும் சரியாக இருந்து, விளிம்பு இன்னும் பிய்கிறது, கூடு முன்பக்கம் பறக்கிறது என்றால் அப்போது பஃபர். வாயுத் துளையைத் துரப்பணத்தால் பெரிதாக்குவது கடைசியிலும் வேண்டாம். எடுத்த உலோகம் திரும்பி வராது.

அதற்குப் பின்னும் டபிள்யூசி 846-இன் கதை கொஞ்சம் ஓடியது. கால்சியம் கார்பனேட் குறைவான தொகுதிகள் 5.56 மி.மீ. தோட்டாவுக்கென்று தனியாகப் பிரிக்கப்பட்டு டபிள்யூசி 844 என்ற பெயர் பெற்றன. எம்-16 குடும்பத்துக்கான ராணுவத் தோட்டாக்களில் பல பத்தாண்டுகள் நிரம்பியது அந்த மருந்துதான்.